சுருட்டை சோறு போடும்!

‘கோரை முடி குடியைக் கெடுக்கும், சுருட்டை முடி சோறு போடும்’ என்று ஒரு பழமொழி உண்டு. கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒரு தடவையாவது அப்பா அதைச் சொல்லிவிடுவார். அவருக்கு நல்ல சுருட்டை. குந்தாரப்பள்ளி கூட்ரோட்டில், ஓசூர் போகிற பஸ்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பார். துணி கொடுக்க வருகிறவர்கள், “டெய்லரண்ணே, எங்க வீட்டுக்காரருக்கும் இப்படி முடி இருக்கக் கூடாதா?” என்று சிரித்துவிட்டுப் போவார்கள். மனுஷனுக்குப் பெருமை தாங்காது.

“சோறு போட்டது உங்க முடியா, எங்க அண்ணன் வாங்கிக் குடுத்த மெஷினா?” என்று அம்மா ஒரு போடு போடுவாள். அப்பா அதற்கு மட்டும் பதில் சொல்ல மாட்டார்.

அந்தச் சுருட்டை அப்படியே எனக்கு வந்தது. அங்கேதான் பிரச்னை. ஆம்பளைக்கு இருந்தால் அது சுருட்டை முடி. அதே முடி பொம்பளைப் பிள்ளைக்கு இருந்தால், பரட்டைத் தலை!

காலையில் அம்மா என் தலையில் அரை கிண்ணம் விளக்கெண்ணெய் ஊற்றி, முழங்காலுக்கு நடுவில் என்னை இறுக்கிப் பிடித்து, இரட்டை ஜடை போட்டு, ரிப்பன் கட்டி அனுப்புவாள். கிருஷ்ணகிரி பள்ளிக்கூடம் போய் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது முன்நெற்றி முடியெல்லாம் எழுந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். ‘தேங்கா நார்’, ‘குருவிக்கூடு’, ‘சாய்பாபா’ என்று எனக்கு வருஷத்துக்கு ஒரு பெயர். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ எடுக்க வந்தவர், கேமராவுக்குப் பின்னால் இருந்து தலையை வெளியே நீட்டி, “மூணாவது வரிசையில அந்தப் பொண்ணு... பின்னாடி இருக்கிறவங்க முகம் மறையுது, கொஞ்சம் தலையை அமுக்கிவிடுங்க” என்றார். மொத்த வகுப்பும் சிரித்தது. பக்கத்தில் நின்றவள் என் தலையில் கையை வைத்து அமுக்கினாள். அந்த போட்டோவில் நான் மட்டும் கீழே குனிந்திருப்பேன்.

இப்போது யோசித்தால், அந்தக் காலத்தில் என் முடியைப் பார்த்து முகம் சுளிக்காதவர், அப்பாவைத் தவிர, ஒரே ஒருத்திதான். அவளைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சந்தையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கூடும். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முன்னால் வருகிற சந்தை என்றால் ஆடு வாங்க கர்நாடகாவில் இருந்தும் ஆந்திராவில் இருந்தும் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது... ஒரு ஆட்டுக்கு நாலு பாஷையில் விலை பேசுவார்கள். ஆட்டுச் சத்தத்தைத் தாண்டி உள்ளே போனால் காய்கறி, புளி, வரமிளகாய், மண்சட்டி. அங்கே ஒரு ஓரத்தில் சாக்கு விரித்து ஒரு அவ்வா உட்கார்ந்திருப்பாள். எங்கள் பக்கம் பாட்டியை ‘அவ்வா’ என்றுதான் கூப்பிடுவோம். சீயக்காய், பூந்திக்கொட்டை, அரப்பு, வெந்தயம், காய்ந்த செம்பருத்தி என்று தலைக்குப் போடுகிற சாமான்தான் அவளுடைய வியாபாரம்.

எனக்கு எட்டு வயசு இருக்கும். அம்மா அவளிடம் சீயக்காய் கேட்டாள். அவ்வா படியைக் கையில் எடுத்தவள், என் தலையைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டாள்.

“பாப்பாவுக்கா? வத்தம்மா, வத்து. இந்த முடிக்கு சீயக்காய் போட்டா காஞ்சு போய் முறுக்கிக்கும். அரப்பு வாங்கிட்டுப் போ. வடிகஞ்சியில கரைச்சுத் தேய்.”

‘வத்து’ என்றால் தெலுங்கில் வேண்டாம் என்று அர்த்தம். அரப்பைவிட சீயக்காய் விலை ஜாஸ்தி. அன்றைக்கு அவள் சாக்கில் சீயக்காய்தான் நிறைய மிச்சம் இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்றாள். பிறகு என் முடியில் ஒரு கற்றையை எடுத்து விரலில் சுற்றி, விட்டாள். அது மோதிரம் மாதிரி சுருண்டு நின்றது.

“உங்கராள ஜுட்டு!” என்று சிரித்தாள். உங்கரம் என்றால் மோதிரம். மோதிர முடி! தேங்கா நார், குருவிக்கூடு எல்லாம் கேட்டுப் பழகின காதுக்கு அது எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள். அவ்வா முக்காட்டை விலக்கித் தன் தலையைக் காட்டினாள். வெள்ளைவெளேர் என்று, எனக்கு இருப்பதைவிடச் சின்னச் சின்ன மோதிரங்கள்.

கொஞ்ச காலம் அரப்பு போட்டோம். அரப்பு தெரியும்தானே? உசில மரத்து இலையைக் காயவைத்து இடித்த பொடி. தர்மபுரி, சேலம், ஈரோடு பக்கமெல்லாம் எண்ணெய்த் தலைக்கு அதுதான். குழைத்தால் வழுவழுவென்று இருக்கும். முடி சிக்கு விடும். ஆனால், டி.வி-யில் ஷாம்பு விளம்பரம் வர ஆரம்பித்து, பெட்டிக்கடையில் பாக்கெட் தொங்க ஆரம்பித்த பிறகு அரப்பு எங்களுக்குப் பட்டிக்காட்டுச் சமாசாரம் ஆகிவிட்டது. விளம்பரத்தில் வருகிற பெண் தலையை ஆட்டினால் முடி அருவி மாதிரி விழும். நானும் ஆட்டிப் பார்த்தேன். என் முடி அசையவே இல்லை.

2010-ல் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அதற்கு முன்னாலேயே ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கம்பெனிக்குள் எந்தத் தொல்லையும் இல்லை. தலைக்கு வலை போட்டு, மேலே தொப்பி போட்டு லைனில் நின்றுவிட்டால் எல்லாத் தலையும் ஒரே தலைதான். தொப்பியைக் கழற்றிய பிறகுதான் சுருட்டையும் கோரையும். முதலில் பார்க்க வந்த வீட்டில் ஒரு பெரியம்மா, “பொண்ணு லட்சணமா இருக்கு, தலைதான் கொஞ்சம்...” என்று இழுத்தார். அந்த ‘கொஞ்சம்’ எனக்கு ஒரு மாசம் தூக்கத்தைக் கெடுத்தது.

அடுத்த மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்னால், சம்பளத்தில் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு ஒரு பியூட்டி பார்லருக்குப் போனேன். ‘பர்மனென்ட் ஸ்ட்ரெயிட்டனிங்.’ அஞ்சு மணி நேரம். ஒரு க்ரீம் தடவினார்கள். அழுகின முட்டை நாற்றம். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். காதுக்கு மேலே எரிகிறது என்று சொன்னேன். “அழகுன்னா கொஞ்சம் எரியத்தான் செய்யும்” என்றார் அந்தப் பெண். பிறகு சூடான இரும்பால் இழுத்து இழுத்து இஸ்திரி. டெய்லர் மகள் ஆயிற்றே, இஸ்திரி எனக்குப் பழக்கம்தான். என் தலைக்கே போடுவார்கள் என்று நினைத்ததில்லை.

மூணு நாள் தண்ணி படக்கூடாது, முடியைக் கட்டக்கூடாது என்றார்கள். மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்தால், விளம்பரத்துப் பெண்! தலையை ஆட்டினேன். அசைந்தது. அப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், “நல்லாத்தான் இருக்கும்மா” என்றார். அந்த ‘தான்’ எனக்கு அப்போது புரியவில்லை.

கல்யாணம் நடந்தது. ஆல்பம் வந்தது. ஆறு மாசத்தில் வேரில் இருந்து பழைய சுருட்டை முளைத்து வந்தது. மேலே மோதிரம், கீழே குச்சி. காதுக்கு மேலே எரிந்த இடத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வீட்டுக்காரர் நல்ல மனுஷன். “ஏன், நல்லாத்தானே இருக்கு சுருட்டை? முன்னாடியே சொல்லியிருந்தா அந்தக் காசுக்கு மிக்ஸி வாங்கியிருக்கலாம்” என்றார். நான் முடியை வெட்டி, எண்ணெய் வழிய வழியப் பூசி, இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டேன். அதோடு சுருட்டையைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டேன். பதிமூணு வருஷம் அந்தக் கொண்டை அவிழவில்லை.

2024 பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது அவிழ்ந்தது.

பரண் மேலிருந்து ஆல்பத்தை இறக்கி என் மகள் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே சுருட்டை. அப்பாவின் தையல் மெஷின் யாருக்கும் வரவில்லை. முடி மட்டும் பேத்தி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு படத்தில் நிறுத்தி, என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அம்மா, உனக்கு முன்னாடி நல்ல முடிதானா? அப்ப எனக்கு மட்டும் ஏன் இப்படி?”

நல்ல முடி! என் கையில் இருந்த விளக்குமாறு அப்படியே நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னேன். பார்லர், க்ரீம், நாலாயிரத்து ஐந்நூறு, எல்லாம். அவள் கேட்டுவிட்டு ரொம்ப அமைதியாகச் சொன்னாள்: “அப்ப எனக்கும் பண்ணி விடு. கிளாஸ்ல நூடுல்ஸ்னு கூப்பிடறாங்க. இப்பல்லாம் கெரட்டின் இருக்காம். எரியாதாம்.”

என்ன பதில் சொல்வீர்கள்? ‘உன் முடி அழகுதான் கண்ணு’ என்றால், கொண்டைக்குள் தன் முடியை ஒளித்துவைத்திருக்கிற அம்மா சொல்வதை எந்தப் பிள்ளை நம்பும்?

“ஒரு மாசம் டைம் குடு” என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு மாசத்தில் நான் படித்த படிப்பை பத்தாம் வகுப்பில் படித்திருந்தால் மாவட்டத்தில் முதலாவதாக வந்திருப்பேன்.

தலையில் சுரக்கிற எண்ணெய், நேர் முடியில் நெடுஞ்சாலையில் போகிற பஸ் மாதிரி நுனி வரைக்கும் வழுக்கிக்கொண்டு போய்விடும். சுருட்டையில் அது தொப்பூர் கணவாயில் மாட்டிய லாரி. வளைவுக்கு வளைவு நின்று நின்று, பாதி வழியிலேயே படுத்துவிடும். அதனால்தான் நமக்கு வேர் பிசுபிசுப்பு, நுனி வறட்சி. முடி முளைக்கிற பையே வளைந்து இருப்பதால் வருகிற சுருள் இது. மேலே எதைத் தடவினாலும் பை நிமிராது. ஸ்ட்ரெயிட்டனிங் க்ரீம் செய்வதெல்லாம், முடிக்கு உள்ளே இருக்கிற பிணைப்புகளை உடைத்து, சூட்டில் நேராக்கி, மறுபடி ஒட்டவைப்பதுதான். அடுத்து முளைப்பது பழையபடி சுருண்டுதான் வரும். எனக்கு ஆறு மாசத்தில் வந்த மாதிரி.

‘எரியாத’ கெரட்டின் பற்றியும் படித்தேன். இந்த மாதிரி சிகிச்சைகள் பலவற்றில் ஃபார்மல்டிஹைடு இருந்தது என்று அமெரிக்காவில் 2011-லேயே அரசாங்கம் எச்சரித்தது. பிணத்தைப் பதப்படுத்தும் ஃபார்மலினும் அதுவும் ஒரே குடும்பம். பிறகு ‘ஃபார்மல்டிஹைடு இல்லாதது’ என்று சொல்லி கிளையாக்சிலிக் ஆசிட் வந்தது. 2024-ல் ஒரு பிரபல மருத்துவ இதழில் ஒரு 26 வயசுப் பெண்ணின் கதையைப் பிரசுரித்தார்கள். 2020, 2021, 2022 என மூன்று தடவை சலூனில் முடியை நேராக்கியிருக்கிறாள். மூன்று தடவையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது. க்ரீமில் இருந்தது அந்த ஆசிட்தான். 2022-ல் அமெரிக்காவில் 33,497 பெண்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு வெளியானது. முடியை நேராக்கும் பொருட்களைத் தொடாதவர்களில் 70 வயசுக்குள் கருப்பைப் புற்றுநோய் வருகிற வாய்ப்பு 1.64 சதவிகிதம், அடிக்கடி போடுகிறவர்களுக்கு 4.05 சதவிகிதம். இதனால்தான் அது வருகிறது என்று ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. எல்லோருக்கும் வரும் என்றும் பயமுறுத்தவில்லை. ஆனால், 13 வயசுப் பிள்ளையின் தலையில் அதைத் தடவ எனக்குக் கை வராது.

சரி, வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வேறு என்ன போடுவது?

இங்கேதான் இன்னொரு குழியில் விழுந்தேன். செல்போனைத் திறந்தால் சுருட்டை முடிக்காரப் பெண்கள் வரிசையாக வந்து புட்டியைத் தூக்கிக் காட்டுகிறார்கள். ஒருத்தி இந்த ஷாம்பு என்கிறாள், அடுத்த வாரம் அவளே வேறு ஷாம்பு என்கிறாள். இரண்டுமே ‘என் வாழ்க்கையை மாத்திடுச்சு!’ ரெண்டு மாசத்தில் மூவாயிரம் ரூபாய் போயிற்று. குளியலறை அலமாரியில் ஏழு புட்டிகள். மகள் தலையில் நூடுல்ஸ் போய், வைக்கோல் வந்தது.

அந்தப் பெண்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. காசு வாங்கிக்கொண்டு பேசினால் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என மத்திய அரசு 2023 ஜனவரியில் வழிகாட்டுதலே கொடுத்திருக்கிறது. சிலர் சொல்கிறார்கள். சிலர் கண்ணுக்குத் தெரியாத மூலையில் எறும்பு எழுத்தில் போடுகிறார்கள். அதைவிட முக்கியமான ஒன்றை யாருமே சொல்லவில்லை. அதை எனக்குச் சொன்னது ஷிஃப்ட் பஸ்.

எங்கள் கம்பெனி பஸ்ஸில் மாலூர்க்காரப் பெண் ஒருத்தி வருவாள். கன்னடக்காரி. ஒருநாள் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வந்து உட்கார்ந்ததும் தொப்பி வலையைக் கழற்றித் தலையை உதறினாள். அடடா! கருகருவென்று சுருள் சுருளாக இறங்கியது. மூணு வருஷமாக ஒரே லைனில் நிற்கிறோம், தொப்பிக்குள் இது இருந்தது எனக்குத் தெரியாது. என்ன போடுகிறாய் என்று கேட்டேன்.

“அக்கா, என் குங்குரு கூதலுக்கு என்ன போடறேன்னு சொல்றேன். ஆனா, நான் சொன்னேன்னு வாங்கிடாதீங்க. என் முடி மெல்லிசு, உங்களுது தடி. முதல்ல இதைச் சொல்லுங்க... உங்க வீட்ல என்ன தண்ணி?”

தண்ணி! ஏழு புட்டிக்காரர்களில் ஒருத்தர்கூடக் கேட்காத கேள்வி. எங்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஃபுளோரைடு ஜாஸ்தி என்றுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல். குடிக்க அந்தத் தண்ணி. குளிக்க எங்கள் வீட்டில் போர் தண்ணிதான். பக்கெட்டில் வெள்ளையாக உப்புப் படியும், சோப்பு நுரைக்காது. அதே சுண்ணாம்புச் சத்து முடியிலும் படியும். மும்பையில் ஒருத்திக்கு நன்றாக இருக்கிற புட்டி, குந்தாரப்பள்ளி போர் தண்ணியில் வைக்கோல் ஆவதற்கு அவள் என்ன செய்வாள்?

மாலூர்க்காரி ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தாள். தேதி, என்ன போட்டேன், என்ன தண்ணி, எத்தனை நாள் நின்றது. நன்றாக வந்தது நாலு பக்கம் என்றால், சொதப்பியது பத்து பக்கம். ‘கற்றாழை - அரிப்பு’, ‘தேங்காய் எண்ணெய் ராத்திரி முழுக்க - பிசுக்கு’ என்று எல்லாம் எழுதியிருந்தாள். மறுநாள் தன் வீட்டில் மிச்சம் இருந்த அரை புட்டி கண்டிஷனரைக் கொண்டுவந்து கொடுத்தாள். “புதுசு வாங்காதீங்க அக்கா. இதைப் போட்டுப் பாருங்க. ஒத்துக்கலைன்னா திருப்பிக் குடுத்துடுங்க.”

அந்த நிமிஷம் எனக்கு முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு குரல் கேட்டது. ‘வத்தம்மா, வத்து.’

யாரை நம்புவது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: எதை வாங்கு என்று சொல்கிறவரை அல்ல, எதை வாங்காதே என்றும் சேர்த்துச் சொல்கிறவரை. அவ்வாவுக்கும் மாலூர்க்காரிக்கும் என்னைப் போலவே முடி. இரண்டு பேரும் முதலில் என் தலையைப் பார்த்தார்கள், பிறகுதான் பொருளைப் பேசினார்கள். எனக்கு விற்றால் லாபம் இருந்தும் அவ்வா வேண்டாம் என்றாள். இவளுக்கோ லாபமே இல்லை.

இப்போது நானும் என் மகளும் செய்வதைச் சொல்கிறேன். நீங்களும் இதை அப்படியே செய்துவிடாதீர்கள். உங்கள் தண்ணி வேறாக இருக்கலாம்!

புட்டியைத் திருப்பி, பின்பக்கம் படிக்கிறோம். நம் நாட்டு அழகுசாதன விதிகள்படி, ஒரு சதவிகிதத்துக்கு மேல் இருக்கிற பொருட்களை அளவில் அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் போட வேண்டும். முன்பக்கம் பெரிசாக ‘பாதாம்’ படம் போட்டு, பின்பக்கம் பாதாம் கடைசி வரியில் இருந்தால், அது பாதாம் பார்த்த தண்ணி! சோடியம் லாரில் சல்ஃபேட் மேலேயே இருந்தால் அது எண்ணெயை நன்றாக எடுக்கும். ஏற்கெனவே காய்ந்த சுருட்டையை இன்னும் காயவைக்கும். அது விஷம் ஒன்றும் இல்லை. எங்கள் உப்புத் தண்ணிக்கு மாசம் ஒரு தடவை அப்படி ஒரு ஷாம்பு தேவைப்படவும் செய்கிறது. ‘கோன்’ என்று முடிகிற பெயர்கள் பெரும்பாலும் சிலிக்கோன். பளபளப்பு தரும், ஆனால் சில முடியில் படிந்துவிடும். புதுசாக எது வாங்கினாலும் முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்த பிறகுதான் தலைக்கு.

காய்ந்த தலையில் சீப்பு வைப்பதை நிறுத்திவிட்டோம். ஈரத்தில், கண்டிஷனர் வழுக்கும்போதே, அகலப் பல் சீப்பால் நுனியில் இருந்து மேலே. 2001-ல் அமெரிக்காவில் லொரெய்ன் மாஸி என்கிற பெண்மணி சுருட்டை முடிக்காக ஒரு புத்தகமே எழுதினார். சுருட்டையைச் சீவாதே, முரட்டு டவலால் தேய்க்காதே என்று அவர் சொன்னதை உலகம் முழுக்கப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். டவலுக்குப் பதில் பழைய பருத்தி பனியனால் ஒற்றி எடுக்கிறார்கள். எங்கள் அம்மா அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் தலை துவட்டியது எனக்கு ஞாபகம் வந்தது. ஏழைமை என்று நினைத்துக் கூச்சப்பட்டிருக்கிறேன்!

கடைசிச் சொம்பு மட்டும் ஒகேனக்கல் தண்ணி. பிறகு ஆளி விதையைக் கொதிக்கவைத்து வடிகட்டின வழுவழுப்பை ஈர முடியில் தடவி, கையால் கசக்கிவிட்டுக் காயவிடுகிறோம். பத்து ரூபாய்கூட ஆகாது. ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, கெட்டுப்போகும். இது எங்கள் நோட்டின் ‘சொதப்பல்’ பக்கத்தில் இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ‘குழல்’ என்று கூந்தலைச் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்கே சுருள் என்ற அர்த்தம் இருக்கிறது. கூந்தலை ஐந்து விதமாக முடிப்பதால் ஐம்பால் என்றார்கள். அந்த ஐந்தில் குழலும் ஒன்று. சங்கப் புலவர்கள் பெண்ணின் கூந்தலுக்கு அறலை உவமை சொன்னார்கள். ஆற்றில் தண்ணீர் வடிந்த பிறகு கருமணலில் நெளிநெளியாகக் கோடு இருக்குமே, அதுதான் அறல். எங்கள் தென்பெண்ணையில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! என் தலையைப் பார்த்துத்தான் பாடியிருக்கிறார்கள், எனக்குத்தான் தெரியாமல் போயிருக்கிறது. அமெரிக்காவில் இனத்தோடு தொடர்புடைய முடியின் தன்மையை வைத்து வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2019-ல் கலிஃபோர்னியா மாநிலம் சட்டமே போட்டது. நமக்குச் சட்டம் வேண்டாம். குரூப் போட்டோவில் தலையை அமுக்காமல் இருந்தால் போதும்.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு மகளைச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். அவ்வா இருந்த இடத்தில் அவளுடைய மருமகள் உட்கார்ந்திருந்தார். அவ்வா போய்ப் பத்து வருஷம் ஆகிறதாம். அரப்பு கேட்டேன், அரைக் கிலோ. அவர் என் மகளின் தலையைப் பார்த்தார்.

“மொதல்ல ஒரு கைப்பிடி எடுத்துக்கினு போம்மா. சில தலைக்கு அரிக்கும். சுருட்டைக்குள்ள பொடி தங்கினா அலசறது கஷ்டம், துணியில சலிச்சுக்கோ. ஒத்துக்கிச்சுன்னா அடுத்த வாரம் வா.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். “அம்மா, இவங்க நல்ல ரெவ்யூ குடுக்கறாங்க” என்றாள்.

அரப்பு அவளுக்கு ஒத்துக்கொண்டது. எனக்குக் கொஞ்சம் அரிக்கிறது. இருக்கட்டும், என் தலை வேறு, அவள் தலை வேறு. வகுப்பில் இன்னும் நூடுல்ஸ் என்று கூப்பிடுகிறார்கள். அது ஒரே நாளில் நின்றுவிடும் என்று நான் கதை விட மாட்டேன். ஆனால், போன மாசம் அதே வகுப்பில் இருந்து ஒரு சுருட்டைக்காரப் பெண் வீட்டுக்கு வந்தாள். என்ன போடுகிறாய் என்று கேட்கத்தான் வந்திருக்கிறாள். நான் அடுப்படியில் இருந்து காதைக் கொடுத்தேன்.

“சொல்றேன், ஆனா உடனே வாங்கிடாத” என்று என் மகள் சொல்வது கேட்டது. “முதல்ல சொல்லு, உங்க வீட்ல என்ன தண்ணி?”

நான் கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.